கெமுந்திங் பொடி

உக்காருங்கக்கா. நின்னுக்கிட்டே இருந்தா மருந்து சீக்கிரம் ஆயிடாது. இந்தக் கெமுந்திங் காயோட தலையில பாருங்க, சின்னக் கிரீடம் மாதிரி காஞ்ச இதழ் ஒட்டிக்கிட்டு இருக்குல்ல, அத ஒண்ணொண்ணாக் கிள்ளி எறியணும். அப்படியே போட்டு இடிச்சா தொண்டையில சொணை மாதிரிப் பிடிக்கும். குடிச்சவரு அத்தனையும் வாந்தி எடுத்துருவாரு. ஏற்கெனவே வயித்துல ஒண்ணும் நிக்காத மனுசன். நான் கிள்ளிக்கிட்டே இருக்கேன், நீங்க சொல்லுங்க. வெறும் தண்ணியாப் போவுதா, ரத்தமும் போவுதா?

ம். சளியும் சேந்து போவுதா. அப்ப அதேதான். இதுக்குத்தான் இந்தக் காயி.

ஆஸ்பத்திரில என்ன குடுத்தாங்க? கரித்தூளா? அதுக்கு அவ்வளவு தூரம் நடப்பானேன், எங்க அடுப்புல அள்ளிக் குடுத்திருப்பேனே. இல்லக்கா, சிரிக்கல. சிரிக்கிற நேரமா இது. ஒங்க வீட்டுக்காரர் மொனகுறது எனக்கு நேத்து வெள்ளனலேருந்து கேக்குது. நடுவுல இருக்கறது ஒரு பலகைச் சுவருதானே. அந்தப் பக்கம் தும்முனா இந்தப் பக்கம் நூறாயுசுன்னு சொல்லலாம். நீங்க நேத்தே வந்து கேட்டிருக்கலாம். வர ஒங்களுக்கு மனசு வரல. அதுவும் எனக்குத் தெரியும்.

மெல்லமாப் பேசுவோம். மாமா உள்ள தூங்குறாரு. இடுப்பு விழுந்ததுலேருந்து பகல் முழுக்கத் தூக்கந்தான். முழிச்சா ஒரே கேள்வி. அத நீங்களும் கேட்டிருப்பீங்க, சுவரு வழியா. என் மவன்கிட்டேருந்து சேதி வந்துச்சா, அப்பாசாமி மவன்னு சொல்லி யாராச்சும் தேடி வந்தாங்களா. அதான். வேற பேச்சு இல்ல.

அந்த டின்ன எடுத்துக்குங்கக்கா. அரிசியா? வேணாம். மருந்துக்கு எதுவும் வாங்கக் கூடாதுன்னு சொல்லித்தான் இத எனக்குக் காமிச்சுக் குடுத்தாங்க. வாங்குனா பலிக்காதாம். யாரு காமிச்சாங்கன்னா, அந்தச் செட்டிங்க குடியிருக்கற கம்பத்துல கோயிலுக்குப் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா இல்ல, அவங்கதான். நெத்தியில பொட்டு, கையில விபூதித் தட்டு, வாயத் தொறந்தா ஒரு வார்த்தை தமிழ் வராது. மலாய்லதான் சாமியவே கும்பிடுவாங்க. எனக்கு மலாய் அரைகொறை, அவங்களுக்குத் தமிழ் அரைகொறை. ரெண்டு பேரும் கையக் காமிச்சுக் காமிச்சுப் பேசிப்போம். நான் வெளி ஆளுங்ககிட்டப் பேச மாட்டேன்னு எல்லாரும் சொல்லுவீங்கல்ல, அவங்ககிட்ட நல்லாப் பேசுவேன். பாஷை தெரியாதவங்ககிட்டப் பேசறதுல வெக்கம் இல்ல பாருங்க. தப்பாப் பேசுனாலும் அவங்களுக்கும் தெரியாது.

பழுத்த கெமுந்திங் வேற. அது ஊதாவா, தொட்டா வெல்வெட்டுத் துணி மாதிரி இருக்கும். இனிப்பு. பிள்ளைங்க பறிச்சுத் திங்கும். இது காயி. பச்சையாப் பறிச்சு வெய்யில்ல சுருங்கக் காய வைக்கணும். துவர்ப்புன்னா அப்படி ஒரு துவர்ப்பு, நாக்கு உள்ள இழுத்துக்கும். அந்தத் துவர்ப்புதான் கொடலப் பிடிச்சு நிறுத்தறது. பத்து பெரெண்டாம் ஊருக்குப் போற பக்கம் லாலான் பில்லு மண்டிக் கெடக்குல்ல, அந்த மேட்டுலதான் செடி. இப்பப் போனா ஒரு காய் இருக்காது. சப்பான்காரன் வந்ததுலேருந்து கெழங்கு திங்கறவங்க அத்தன பேருக்கும் வயிறு கெட்டுப் போய், எல்லாரும் பறிச்சிட்டாங்க. இதான் இருக்கறதுல கடைசி. எம் மவ கோகிலாவுக்குக் கடவாப்பல்லு மொளைக்கறப்ப வயித்தால போனா வேணும்னு எடுத்து வச்சது.

ஆமா, எல்லாத்தையும்தான் போடறேன். பாதி போட்டா பாதிதான் கேக்கும்.

ஒங்களுக்கு ஞாபகம் இருக்காக்கா, நான் கண்ணாலமாகி இந்தக் காஜா பேராங்குக்கு வந்த புதுசுல? முறத்துல சுண்டைக்காயும் செண்டுடுக்குப் பழமும் கொட்டி வச்சிருந்தேன். தோட்டத்துல வளந்தவ, கையி சும்மா இருக்காது, வேலி ஓரத்துல எது தொங்குனாலும் பறிச்சிருவேன். நீங்க உங்க வாசல்ல நின்னு பாத்தீங்க. பாத்துட்டு, அப்பாசாமி வீட்டுக்கு மருமவ வந்திருக்கான்னு நெனச்சேன், மந்தி வந்திருக்கு போலன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எங்க வீட்ல இருக்கவரும் சிரிச்சிட்டாரு. அப்புறம் மாட்டுக்குத் தண்ணி காட்டற சாக்குல பின்னால வந்து, மந்தின்னா என்ன, மந்தி கெட்டிக்காரி, பட்டினி கெடக்காதுன்னாரு.

சும்மா சொன்னதுதான், தெரியும். நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கல. இப்ப எல்லாரும் மந்திதானே. சுண்டைக்காயத் தட்டிப் போட்டு, மரவள்ளிக் கெழங்கோட வேக வச்சா அதுதான் எங்களுக்குக் குழம்பு. புளி இல்ல. உப்புக்கு பண்டார் ஹிலிர் கடக்கரைலேருந்து தண்ணி தூக்கிட்டு வந்து காச்சறேன். மணத்தக்காளிய மோருல ஊற வச்சு வத்தல் போடுவோம், இப்ப மோருக்கு எங்க போறது. அந்தக் கடத்தண்ணியிலதான் ஊறப் போடறேன். வாய்ப்புண்ணுக்கு அதோட கீரை. கெழங்கையே தின்னு தின்னு வாயோரம் வெடிச்சுப் போவுதுல்ல, மாமாவுக்கு அத வச்சுத்தான் ஓட்டறேன். காயம் பட்டா செண்டுடுக்கு எலைய மென்னு வச்சுக் கட்டிருவேன். கோகிலா அந்தப் பழத்தத் தின்னுட்டு நாக்கு, பல்லு, ஒதடு எல்லாம் கருப்பாக்கிட்டு வந்து நிப்பா. ஒரு நா ஒங்க வாசலுக்குத் தவழ்ந்து வந்துட்டா. நீங்க ஒங்க பிள்ளைங்கள உள்ள இழுத்துக் கதவச் சாத்துனீங்க. வியாதின்னு நெனச்சிட்டீங்க போல.

சரி, கிள்ளியாச்சு. இப்ப வெறுஞ்சட்டியில வறுக்கணும். எண்ணெய் கூடாது. எண்ணெய் இருந்தாத்தானே ஊத்தறதுக்கு. பொகை வர ஆரம்பிச்சதும் எறக்கிடணும், கருகுனா கசந்துரும். அந்த விசிறிய இப்படிக் குடுங்க.

குடுக்கற விதத்தக் கேட்டுக்குங்க. வெந்நியில குடுக்கக் கூடாது. அரிசிக் கஞ்சி வடிச்சு, அந்தத் தண்ணி ஆறுனதும், பாக்கு அளவு பொடியப் போட்டுக் கலக்கிக் குடுக்கணும். கொஞ்சம் கொஞ்சமா. கெழங்குமாவுக் கஞ்சி உதவாது. அரிசி இல்லாத வீட்டுக்குத்தான் நான் கெழங்குமாவு சொல்லுவேன். ஒங்க வீட்ல இருக்கு. ஒங்க வீட்டுக் கிராணியார் அரிசிக் கிடங்குல கணக்கு எழுதறவரு, அவரு வீட்ல இருக்காதா. ஒளிச்சு வைக்கிறதுக்கு ஒண்ணுமில்லக்கா, டின்னுலயே கொண்டு வந்திருக்கீங்களே. அதோட, சோறு கொதிக்கற வாசனையப் பலகையால மறைக்க முடியாது. கோகிலா அந்த இடுக்குல மூக்க வச்சிக்கிட்டு உக்காந்திருப்பா. அடிச்சு இழுத்துட்டு வருவேன்.

ஐயோ, அழாதீங்க. கிராணியார் பொழைச்சுக்குவாரு. நல்ல ஒடம்பு அது.

இப்ப இடிக்கணும். இந்த ஒரலு சின்னது, சத்தம் கேட்டு மாமா முழிச்சிக்கிட்டாலும் முழிச்சிக்குவாரு. முழிச்சா முழிக்கட்டும்.

அரிசின்னதும் ஞாபகம் வருது. நாம ரெண்டு பேரும் ஒண்ணா வரிசையில நின்னமே, கூப்பன் கடையில. வீட்டு ஆம்பள பேரச் சொன்னாத்தான் அளந்து போடுவான் அந்தச் சீனன். நம்ம பொம்பளைங்க எங்க சொல்றது. புருசன் பேரச் சொன்னா ஆயுசு கொறையும்னு வளத்து விட்டிருக்காங்க. ஒருத்தி மாட்டக் காமிக்கிறா, ஒருத்தி மலையக் காமிக்கிறா, சாமி படத்தக் காமிக்கிறா. சீனனுக்கு என்ன புரியும். நீங்கதான் அந்த யோசனையச் சொன்னீங்க. ஏம்மா, ஒங்க வீட்டுக்காரர் பேர நான் சொல்றேன், எங்க வீட்டுக்காரர் பேர நீ சொல்லிடு, சாமி குத்தமும் இல்ல, அரிசியும் வந்துரும்னு. எனக்கு அது ரொம்ப நல்லதாப் பட்டுச்சு. படிச்ச வீட்டுப் பொம்பள, எப்படி யோசிக்கிறாங்க பாருன்னு அவருகிட்டக் கூட சொன்னேன்.

நான் கலியாணசுந்தரம்னு சொல்லுவேன். என் சத்தம் எனக்கே கேக்காது. சீனன் காதுல கைய வச்சிக்கிட்டு அபா, அபான்னு, என்ன என்னன்னு கேப்பான். கலியாணசுந்தரம், கலியாணசுந்தரம். மூஞ்சியெல்லாம் எரியும் எனக்கு. நீங்க பாருங்க, எங்க வீட்டுக்காரர் பேரக் கணீர்னு, கோயில் மணி மாதிரிச் சொல்லுவீங்க. அந்த அஞ்சலை இருந்தாளே, ஏண்டி, ரெண்டு பேரும் புருசன மாத்திக்கிட்டீங்களான்னு கேட்டாளே. வரிசையே சிரிச்சுச்சு. நீங்களும் நானும் ஒருத்தர் தோளுல ஒருத்தர் மூஞ்சிய மறைச்சிக்கிட்டுச் சிரிச்சோம். அவ்வளவு சிரிச்சிருக்கேன் நான். இப்ப நெனச்சா யாரோ மாதிரி இருக்கு.

அதுக்கப்புறம் நீங்க அந்த வரிசைக்கு வர்றதே இல்ல. கிராணியாரே கொண்டு வந்துர்றாரு. எங்களுக்கு எங்க வீட்டுக்காரர் பேர அடிச்சிட்டாங்க. ஆளு இல்லாத பேருக்கு அரிசி இல்லையாம். மாமா பேருக்குக் கெழங்குமாவு.

இல்லக்கா, நீங்க எந்திரிக்கக் கூடாது. பொடி இன்னும் கொரகொரன்னு இருக்கு. சலிக்கணும்.

நான் எதுக்கு அந்த நாளப் பேசறேன்னா, பேசாமலே இருந்துட்டா நீங்க எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிருப்பீங்க. லோரி வந்து நின்னுச்சு. ரெண்டு சப்பான்காரனும் நம்ம பாஷ பேசற ஒருத்தனும். மொத வாசல் ஒங்களோடது. கிராணியார் உள்ளதான் இருந்தாரு, கட்டிலுக்கு அந்தப் பக்கம். அவரு இருமல அமுக்கறது கூட எனக்குக் கேட்டுச்சு. நான் இங்க, இந்தக் கதவுக்குப் பின்னால. கோகிலா வயித்துல. அந்தாளு கேட்டான், ஒங்க வீட்டு ஆம்பள பேரு என்னம்மான்னு. சயாமுல ரயில் ரோடு போடணும், வீட்டு வரிசைக்கு ஒரு ஆளு, கொஞ்ச மாசந்தான், சம்பளம் உண்டுன்னான். நீங்க வாயத் தொறந்தீங்க. எங்க வீட்டுக்காரர் பேரு வந்துச்சு. கணீர்னு.

பழக்க தோசம். தெரியும்க்கா. நீங்க சொல்லணும்னு இல்ல, நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன், எத்தனையோ நாளு. அந்தக் கேள்வியக் கேட்டா ஒங்க வாயில அந்தப் பேருதான் வரும், வாராவாரம் அதத்தானே சொன்னீங்க. பயத்துல நாக்கு போன வழியிலயே போயிருச்சு. எந்தப் பொம்பளைக்கும் அப்படித்தான் ஆவும். நான் நம்புனேன். இன்னிக்கும் பாதி நம்பறேன்.

ஆனா வாய் தவறலாம். கை தவறுமாக்கா? ஆளு எங்கன்னு அவன் கேட்டப்ப ஒங்க கை எங்க மாட்டுக் கொட்டாயப் பாத்து நீண்டுச்சே. பலகை இடுக்குல பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வளையல் எல்லாம் மொழங்கைக்கு வழிஞ்சுது.

மாட்டுக்குப் பில்லு போட்டுக்கிட்டு இருந்தாரு. கையில பில்லோடயே ஏத்துனாங்க. சட்டை போட்டுட்டு வந்துர்றேன்னு கேட்டாரு. நான் சட்டைய எடுத்துக்கிட்டு வாசலுக்கு ஓடியாந்தேன். விடல. அந்தச் சட்டைதான் கோகிலாவுக்குத் தூளியில விரிச்சிருக்கேன்.

இன்னொண்ணும் சொல்றேன், ஒங்களுக்குத் தெரியாதது. வாசல்ல நிக்கறப்ப என் நாக்கு நுனியில ஒரு பேரு இருந்துச்சு. அது எனக்குச் சொல்லக் கூடாத பேரு இல்ல. வாராவாரம் சொன்ன பேரு. அந்த வீட்டு ஆளு இவரு இல்லைங்க, அவரு உள்ள இருக்காருங்கன்னு ஒரு வார்த்தை. சத்தமே வராத எனக்கு அன்னிக்குச் சத்தம் வந்திருக்கும். ஒங்க சின்னது ஒங்க காலக் கட்டிக்கிட்டு அழுதுச்சு. முழுங்கிட்டேன்.

அதுக்கு நன்றி கேக்கல. உக்காருங்க. காலத் தொடாதீங்க, நீங்க பெரியவங்க, எனக்குத்தான் பாவம்.

சலிச்சாச்சு. பாருங்க, மஞ்சத்தூள விட மெல்லிசு. இத இந்த வாழச் சருகுல கட்டறேன். ஈரம் படக் கூடாது.

நல்லையாவத் தெரியும்ல, எங்க வீட்டுக்காரர் கூட வண்டி ஓட்டுனவரு. ரெண்டு பேரையும் ஒரே லோரிலதான் ஏத்துனாங்க. அவரு தப்பிச்சு வந்துட்டாரு. சத்தமாப் பேசாதீங்க, குருபோங் பக்கம் ரப்பர் காட்டுல ஒளிஞ்சிருக்காரு. பிடிச்சா சுட்டுருவானுங்க. இந்தக் காயப் பறிக்கப் போனப்பத்தான் பாத்தேன். மொதல்ல அடையாளமே தெரியல, எலும்பு மேல தோலு போத்துன மாதிரி. நான் என்னிக்கும் ஒரு வெளி ஆம்பளயச் சத்தம் போட்டுக் கூப்பிட்டதில்ல, அன்னிக்கு அண்ணேன்னு கத்திட்டேன். அவரு செடிக்கு அந்தப் பக்கமே உக்காந்து தரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

இதே வியாதிதான். ரத்தமும் சளியும். மூங்கில் கொட்டாயில வரிசையாப் படுக்கப் போட்டிருந்தாங்களாம். கொட்டாய்க்கு வெளிய, கண்ணுக்கு எட்டுன தூரத்துல, இந்தச் செடிதானாம். மேடு முழுக்க. எங்க வீட்டுக்காரர் படுத்த வாக்குலயே பாத்துட்டு, அண்ணே, அது என் வீட்டுக்காரி காய வைக்கிற காயிண்ணே, அதப் பறிச்சு இடிச்சுக் குடுங்க, நான் எந்திரிச்சிருவேன்னாராம். காவல்காரன் வெளிய விடல. கடைசில நல்லையா அண்ணன் அடி வாங்கிக்கிட்டு ஒரு பிடி கொண்டாந்தாராம். அதுக்குள்ள அவருக்கு முழுங்க முடியாமப் போச்சு. வாயில வச்சா ஓரமா வழிஞ்சிருச்சாம்.

ஆமாக்கா. போயிட்டாரு. அங்கயே. வருசம் ஒண்ணு ஆவப் போவுதாம்.

பொட்டு இருக்கு. அழிக்கல. அழிச்சா மாமா பாத்துருவாரு. அதான் இத்தன நாளா, பொட்டும் வச்சிக்கிட்டு, ஆத்தங்கரைக்குப் போனா அழுதுட்டு, வந்து மூஞ்சியக் கழுவிக்கிட்டு, கெழங்கு வேக வச்சிக்கிட்டு. காரியம் பண்ணல. ஒரு கை எள்ளுத்தண்ணி எறைக்கல. பெத்தவருதான் எறைக்கணும், வேற யாரு இருக்கா. தெரியாமலே எப்படி எறைப்பாரு? நான் ரெண்டு வாட்டி சொல்லப் போனேன். மாமா, ஒங்க மவன்னு ஆரம்பிச்சேன். அவ்வளவுதான். வந்துட்டானான்னு எந்திரிச்சு உக்காந்துட்டாரு. இடுப்பு விழுந்த மனுசன், எப்படித்தான் எந்திரிச்சாரோ. மூஞ்சியில ஒரு சிரிப்பு. நான், இல்ல மாமா, வந்தா இந்தக் கெழங்கத் திங்க மாட்டாருன்னு சொல்ல வந்தேன்னு சொல்லிட்டு அடுப்படிக்கு வந்துட்டேன்.

அவரு எதுல நம்பிக்கை வச்சிருக்காரு தெரியுமா? கிராணியார் வாக்குல. ரயில் ரோடு போட்டு முடிஞ்சிருச்சு, அடுத்த மாசம் அனுப்பிருவாங்க அப்பாசாமின்னு சுவருக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஒங்க வீட்டுக்காரர் சொல்லிட்டே இருந்தாரே. நல்லதுக்குத்தான் சொல்லிருப்பாரு. அந்த நம்பிக்கை ஒங்க வீட்டுலேருந்து வந்தது, ஒங்க வீட்டு ஆளுதான் வந்து எடுத்துட்டுப் போவணும்.

இல்ல, கைய நீட்டாதீங்க இன்னும். குடுக்க மாட்டேன்னு நான் சொல்லவே இல்ல. குடுப்பேன். ஒங்களுக்குக் குடுக்கலன்னா நான் எதுக்குக் காலைலேருந்து இதக் கிள்ளிக்கிட்டு உக்காந்திருக்கேன்? கிராணியார் பொழைக்கணும். நூறு வயசு இருக்கட்டும். ஒங்க பிள்ளைங்களுக்கு அப்பா வேணும். ஆனா, நீங்க உள்ள வந்து மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, அப்புறம் இத எடுத்துக்கிட்டுப் போங்க. நல்லையா அண்ணன் சொன்னத அப்படியே சொன்னாப் போதும். காயி கண்ணு முன்னால இருந்தத மட்டும் சொல்லிடாதீங்க.

என்னால முடியலன்னுதானே ஒங்களக் கேக்கறேன். எனக்கு அவரு பேரு வாயில வராது. செத்தவர் பேரச் சொல்லலாம், இனி ஆயுசு என்ன கொறையப் போவுதுன்னு நெனச்சு, அந்த லாலான் மேட்டுல தனியா நின்னு சொல்லிப் பாத்தேன். வரலக்கா. ஒங்களுக்கு வரும். நீங்க நல்லாச் சொல்லுவீங்க.

போவ முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் வற்புறுத்தல. சுவருக்கு அந்தப் பக்கம் கேக்குதா ஒங்களுக்கு? திரும்ப மொனகறாரு.

ம். அப்ப வாங்க.

இதோ வர்றேன் மாமா! ஒண்ணுமில்ல, ஒரலு சத்தந்தான். யாரும் புதுசு இல்ல மாமா, பக்கத்து வீட்டு அன்னம் அக்கா. ஆமா, கிராணியார் வீட்டம்மாதான். ஒங்களுக்கு ஒரு சேதி கொண்டாந்திருக்காங்க. இல்ல மாமா, நீங்க எந்திரிக்காதீங்க, படுங்க, அவங்களே வர்றாங்க. குனிஞ்சு வாங்கக்கா, நெலை தலையில இடிக்கும். அவருக்கு எடது காது கேக்காது, இந்தப் பக்கமா உக்காந்து, கையப் பிடிச்சுக்குங்க. மொதல்ல பேரச் சொல்லுங்க, சொல்லிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, அப்புறம்…